பசுப் படம் போட்ட கப்

எங்கள் கம்பெனி என் பெயரில் இருந்தது. கம்பெனி என்றால் பெரிய மில் எதுவும் கிடையாது. ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடோன், ஒரு மூடு வேன், சுற்றியுள்ள ஊர்களின் பெட்டிக்கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் பிஸ்கட், ரஸ்க், சாக்லேட் போடுகிற ஏஜென்சி. பொம்பளை பேரில் ஆரம்பித்தால் வங்கியில் சீக்கிரம் வேலை நடக்கும் என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் எல்லாத் தாளிலும் என்னைக் கையெழுத்துப் போட வைத்தார். நான் பி.காம். படித்தவள். பில், ஜி.எஸ்.டி., கம்ப்யூட்டர் எல்லாம் என் பாடு. வேனும் கடைகளும் பேச்சும் அவர் பாடு. தேவதானத்திலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் அவர் பேச்சுக்கு ஒரு மவுசு உண்டு. வேண்டாம் என்று தலையாட்டுகிறவரிடமும் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுத்தான் வருவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்களுக்கு நெருக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிதிலேயே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்ளை ஆனார். அவர் இவருக்கு மச்சான் ஆனார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அரிசி அவர் கடையிலிருந்து வரும். பெருநாளைக்கு அவர் வீட்டில் எங்களுக்கென்று தனியாகக் காய்கறிச் சமையல் நடக்கும். அவர் அதிகம் பேசமாட்டார். பேசுகிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை என் வீட்டுக்காரர் எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்.

பினாங்கில் இருந்த பாயின் சொந்தக்காரர் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி புட்டிங் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கப், மேலே தகடு ஒட்டியது, உள்ளே ஒரு குட்டி ஸ்பூன். தகட்டை உரித்தால் வழவழவென்று வெள்ளையாக, வெனிலா வாசத்தோடு ஆடும். என் வீட்டுக்காரர் ஒன்றைச் சாப்பிட்டார், இரண்டாவதை உரித்தார், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், இது நம்ம ஊர்ல ஓடும்” என்றார்.

“பால்கோவா ஊர்ல பால் இனிப்பக் கொண்டாந்து விக்கணும்ங்கியா?” என்று பாய் சிரித்தார்.

“பால்கோவா பெரியவங்களுக்கு. இது பிள்ளைகளுக்கு. பால் குடிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற பிள்ளைக்கு இதக் கொடுத்தாப் போதும்னு சொல்லுவோம். எந்தத் தாய் வேண்டாம்பா?”

அப்படித்தான் ஆரம்பித்தது. இறக்குமதி உரிமம் என் பெயரில் எடுத்தோம். உணவுப் பாதுகாப்பு உரிமமும் என் பெயரில். பணத்தில் பாதி பாய் போட்டார். பினாங்குத் தொழிற்சாலையோடு பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரர். லேபிளும் அவர் யோசனைதான். தமிழில் பெரிதாக ‘முழுப் பால் புட்டிங்’ என்று போட்டு, பச்சைப் புல்லில் ஒரு பசு நிற்கிற படத்தையும் வைக்கச் சொன்னார். அச்சடிப்பதற்கு முன்னால் படத்தை எனக்கு ஃபோனில் காட்டினார். பசு கொஞ்சம் வெளிநாட்டுப் பசுவாக இருக்கிறதே என்று மட்டும் நான் சொன்னேன்.

முதலில் விமானத்தில் சில பெட்டிகள் மாதிரிக்கு வந்தன. அவற்றைக் கடைகளுக்குக் கொடுத்தோம். தெருவில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருவர் இருந்தார். அவர் மகள் மில்லில் வேலை பார்த்தாள். மகளின் பெண்குழந்தை நாள் முழுக்க அக்காவிடம்தான் இருக்கும். வயசுக்கேற்ற எடை இல்லாத, எலும்பும் தோலுமான குழந்தை. பாலைக் கண்டால் ஓடும். அது இந்தக் கப்பை ஸ்பூனால் வழித்து வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து அக்கா அசந்துபோனார்.

“டாக்டரு எப்பப் போனாலும் பால் குடு, பால் குடுங்காரு. இந்தக் கழுதை வாயத் தொறக்காது. இது இம்புட்டு ருசியாச் சாப்புடுதே. எப்பம்மா கடைக்கு வரும்?”

“கப்பல்ல வருதுக்கா. வந்தொடனே உங்களுக்குத்தான் முதல் பெட்டி” என்றேன்.

கப்பல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்குத் துறைமுக வேலை பார்த்துக் கொடுத்த கிளியரிங் ஏஜென்ட் அனுபவஸ்தர். சரக்கு கண்டெய்னர் யார்டில் இறங்கிவிட்டது, மனு போட்டாயிற்று, ரெண்டு மூணு நாளில் வேனைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார். அவரே மறுபடி கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

“மேடம், சுங்கத்துல கேள்வி வந்திருக்கு. இது என்ன பொருள்னு கேக்காங்க.”

“புட்டிங்னு போட்டிருக்கே.”

“புட்டிங்குங்கிற பேரு அவங்களுக்குப் பத்தாது. நீங்க ஒருக்கா நேர்ல வாங்க.”

கோவில்பட்டி வழியாகப் பஸ்ஸில் போனேன். அவர் அலுவலகம் துறைமுகச் சாலையில் ஒரு மாடியில் இருந்தது. மேசைமேல் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். உலகத்தில் வாங்கி விற்கிற எல்லாப் பொருளுக்கும் அதில் ஒரு இடம் இருக்கிறது என்றார். உயிருள்ள குதிரையில் ஆரம்பித்து ஓவியம், பழம்பொருள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு எண். எந்த எண்ணில் உட்காருகிறதோ அதை வைத்துத்தான் வரியும், விதியும், யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதும்.

“பால், தயிரு, வெண்ணெயெல்லாம் நாலாவது அத்தியாயம். மிட்டாய் பதினேழு. மாவுப் பண்டம் பத்தொன்பது. பழத்துல செஞ்சது இருபது. எதுலயும் சேராத தின்பண்டத்துக்கு இருபத்தொண்ணு. நாம இருபத்தொண்ணுல போட்டிருக்கோம். லேபிளப் பாத்துட்டு, ‘முழுப் பாலுன்னு எழுதியிருக்கு, பசு நிக்கு, இது ஏன் பால் பொருள் இல்ல’ன்னு சுங்க அதிகாரி கேக்காரு.”

கேள்வி கேட்டவர் தூத்துக்குடியில் இல்லை. இப்போதெல்லாம் சரக்கு ஒரு துறைமுகத்தில் இருக்கும். அதைப் பரிசீலிக்கிற அதிகாரி நாட்டின் வேறொரு மூலையில் இருப்பார். கம்ப்யூட்டரில் அவருடைய கேள்வி மட்டும் வரும்.

“பால் பொருள்னே வச்சுக்கிட்டா என்ன? வரி கூடவா?” என்று கேட்டேன்.

“வரி கெடக்கட்டும் மேடம். பால் பொருள்னா கப்பல் ஏறுதுக்கு முன்னாடியே கால்நடைத் துறையில அனுமதி வாங்கியிருக்கணும். நம்மட்ட அது இல்ல. இல்லைன்னா சரக்கு உள்ளயே வராது. திருப்பி அனுப்பணும், இல்ல அழிக்கணும்.” புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “அதுல பால் எம்புட்டு இருக்கு, மத்தது எம்புட்டு இருக்குன்னு தொழிற்சாலையில கேட்டு வாங்கிக் குடுங்க. கொஞ்சமா இருந்தா நான் வாதாடிப் பாக்கேன்” என்றார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வ. புதுப்பட்டிப் பக்கம் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற லைனில் இருந்தார், ஃபோன் எடுக்கவில்லை. ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தபடியே நான் பினாங்குக்குப் பேசினேன். தொழிற்சாலையில் தயாரிப்பைக் கவனிக்கிற பெண் தமிழ் பேசுகிறவள். அந்த ஊர்த் தமிழில் கொஞ்சம் பாடுகிற மாதிரிப் பேசினாள். எங்கள் ஆர்டரைத் தேடி எடுத்து வாசித்தாள். தண்ணீர், சர்க்கரை, மரவள்ளி மாவு, தாவரக் கொழுப்பில் செய்த க்ரீமர் பவுடர், வாசனை, கெட்டிப்படுத்துகிற கடல்பாசிப் பொருள். கடைசியில், பெயருக்கு, துளிப் பால் பவுடர்.

“முழுப் பால்னு லேபிள் இருக்கேம்மா” என்றேன்.

“அது முதல்ல அனுப்பின சாம்பிளுக்குப் போட்ட லேபிள். அது பால்ல செய்தது. வெயில் ஊருக்கு அது தாங்காது, விலையும் கூட இருக்குன்னு சொல்லி உங்க சார்தானே க்ரீமர் ரகத்துக்கு மாத்தச் சொன்னாரு. லேபிள் அதே இருக்கட்டும்னாரு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரோ ஒரு பெண்ணிடம், அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளிடம், என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. எட்டயபுரம் தாண்டுகிறவரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை சாப்பிட்டது நல்ல பால். இனி வரப்போவது வேறு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, “ஆமா, மாத்துனேன். அதுக்கென்ன?” என்றார்.

“எங்கிட்டச் சொல்லல. அண்ணங்கிட்டயும் சொல்லல.”

“சொன்னா மச்சான் வேண்டாம்பாரு. நல்ல பால்ல செஞ்ச சரக்கு நம்ம வேன்ல ஒரு சித்திரை மாசத்தத் தாங்காது. இது வெசமா? அங்க அம்புட்டுப் பேரும் இதத்தான் சாப்புடுதாங்க.”

“சாப்புடட்டும். பால்னு சொல்லி யாரும் கொடுக்கலயே.”

“லேபிள்னா அப்படித்தான் இருக்கும். பிஸ்கட் பாக்கெட்டுல முந்திரி படம் போட்டிருக்கான். ஒடச்சுப் பாரு, இருக்கான்னு.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைக்காரரிடம் பேசுகிற அதே குரலில், சிரித்த முகமாக என்னிடமும் பேசினார். இத்தனை வருஷமாக அந்தக் குரலை வெளியிலிருந்து கேட்டு ரசித்தவள், அன்றைக்கு அது என் பக்கம் திரும்பியபோது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

சுங்க விசாரணை வீடியோவில் நடந்தது. ஏஜென்ட் அலுவலகத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். திரையில் தெரிந்த அதிகாரி இளவயசுக்காரர், சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கை உறிஞ்சினார். இங்கிலீஷில் பேசினார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச வாய் திக்கும். அதைக் கவனித்து அவரும் மெதுவாகவே கேட்டார்.

“இந்தப் பொருளுக்கு அதன் குணத்தைக் கொடுப்பது எது என்று நினைக்கிறீர்கள்? எதை எடுத்துவிட்டால் இது இதுவாக இருக்காது?”

முன்னாலேயே ஏஜென்ட் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மாவும் க்ரீமரும் சர்க்கரையும். பால் பவுடர் மிகக் குறைவு. பசுப் படம் விளம்பரத்துக்கு மட்டும். அதை அப்படியே சொன்னேன்.

“அப்படியானால் முழுப் பால் என்று போட்டது?”

“அது சரியில்லை சார்” என்றேன்.

அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். ஏஜென்ட் மேசைக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சில நாளில் உத்தரவு வந்தது. எங்கள் பொருள் பால் பொருள் அல்ல; எதிலும் சேராத தின்பண்டம்; நாங்கள் போட்ட எண்ணே சரி. நாங்கள் ஜெயித்துவிட்டோம். என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் பாய்க்கு ஃபோன் போட்டு, “தங்கச்சி இங்கிலீஷ்லயே வெளுத்து வாங்கிட்டா மச்சான்” என்று சொன்னார். எதைச் சொல்லி ஜெயித்தேன் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்தது உணவுப் பாதுகாப்புத் துறை. இறக்குமதியாகிற தின்பண்டம் எதுவானாலும் அவர்கள் பார்த்து அனுமதித்தால்தான் யார்டைவிட்டு வெளியே வரும். லேபிளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்பது அவர்கள் வேலை. ஏஜென்ட் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அதில் பொருள், முழுப் பால் புட்டிங். சேர்மானத்தில் முதலில் பால்.

“இது வேறல்ல?” என்றேன்.

“இது வேற ஆபீஸ் மேடம். சுங்கத்துல சொன்னது அவங்களுக்குத் தெரியாது. அங்க பால் இல்லைன்னாத்தான் உள்ள வரும். இங்க பால் இருக்குன்னாத்தான் வெளிய போகும். லேபிள் பேர மாத்தி ஸ்டிக்கர் ஒட்டவும் விடமாட்டாங்க. வேற வழி இல்ல. எல்லாரும் பண்ணுததுதான்.”

“டெஸ்ட்டுக்கு எடுத்தா?”

“எடுத்தா எடுக்கட்டும். அதுல கிருமி இருக்கான்னு பாப்பாங்க. பால் எம்புட்டுன்னு பாக்கது குறைச்சல்.”

ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து அதைக் காட்டியதும் என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். “போட்டுரு. இதோட முடிஞ்சிரும். அடுத்த தடவை நல்ல பாலே கொண்டாருவோம்” என்றார். நான் பேனாவை வாங்கவில்லை. அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் குடோனுக்குப் போனார்.

இதை எழுதும்போது நான் ஏதோ தைரியசாலி மாதிரித் தெரியக்கூடாது. பாதி எனக்குப் பயம்தான். இரண்டு அலுவலகத் தாளையும் யாராவது ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் இருக்கிற கையெழுத்து என்னுடையது. அவருடையது எங்குமே இல்லை. மீதிப் பாதி, காலையில் வாசல் தெளிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்கிற கேள்வி. “கப்பல் வந்திருச்சாம்லம்மா? புள்ளை கேட்டுக்கிட்டே இருக்கு.”

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பாய் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கணக்குப் பார்க்கிற அறைக்குக் கூட்டிப்போனார். டீ வாங்கிவரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். க்ரீமர் ரகத்துக்கு மாற்றியதைச் சொன்னபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மாப்ள இத எப்ப மாத்துனாரு?”

“சாம்பிள் வந்த பொறவு.”

“இந்தக் கப்புக்குக் கடை பிடிக்க நாங்க ரெண்டு பேரும் சேந்து சிவகாசிக்குப் போயிட்டு வந்தோமே, அப்பவே தெரியுமா அவருக்கு?”

“தெரியும்ணே.”

அவர் டீயைத் தொடவில்லை. வெளியே மூட்டை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சாராக்கும்” என்றார். பிறகு, “சொல்லித்தான் இருப்பேன்” என்றார்.

“நான் என்ன செய்யட்டும்ணே?”

“கையெழுத்து ஒன்னோடது தங்கச்சி. போடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போடாதன்னு சொல்லவும் எனக்கு உரிமை இல்ல. ஒன் வீடு, ஒன் பிழைப்பு. என் பணம் போனாப் போகட்டும், அத நெனைச்சு நீ முடிவெடுக்காத. ஆனா அந்தக் கப்பு என் கடைக்கு வராது. எம் பேரன் பேத்தி வயசுப் பிள்ளைகதான் அதச் சாப்புடும்.”

அங்கிருந்தே ஏஜென்டுக்கு ஃபோன் போட்டேன். சுங்கத்தில் சொன்ன அதே சேர்மானத்தை இங்கும் கொடுங்கள், அதில் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் ரொம்ப நேரம் எனக்கு எடுத்துச் சொன்னார். கடைசியில், “உங்க சரக்கு மேடம், நீங்க சொன்னபடி” என்றார்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. லேபிள் வாங்குகிறவரைத் தவறாக நம்பவைக்கிறது, அனுமதி கிடையாது. இந்தப் பதிலை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இருந்தும் அதை இரண்டு தடவை வாசித்தேன். பினாங்கில் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். தமிழ் எழுத்து அச்சான கப்பை அவர்கள் எங்கே விற்பது? அழிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றாயிற்று.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

“ஊர்ல உள்ளவன் அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போடுதான். எம் பொண்டாட்டிக்கு மட்டும் கை வரல.”

“உங்க பேர்ல வச்சிருந்தா நீங்க போட்டிருக்கலாம்.”

அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று சொன்னவுடனே தெரிந்தது. அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. பில் எவ்வளவு, வேன் சாவி எங்கே, இவ்வளவுதான். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு பக்கம். அவர் ஆசைப்பட்டுச் செய்ததை நான் என் கையால் கொன்றுவிட்டேன் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். சில நாள் ஒன்று மேலே வரும், சில நாள் இன்னொன்று. குடோனில் ரஸ்க் பெட்டிகளுக்கு நடுவே அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்று தோன்றும். போகமாட்டேன்.

அழிக்கிற அன்றைக்குச் சரக்குக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் நான் நிற்க வேண்டும். நீங்களும் வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். லைனுக்குப் போகவேண்டும் என்றார். பாய்தான் தன் காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வெயில் அதிகம், மழை இல்லை, துவரம்பருப்பு விலை, இப்படியே பேசிக்கொண்டு வந்தார்.

தூத்துக்குடிக்கு வெளியே உப்பளங்களைத் தாண்டி, கழிவுகளை அழிக்கிற ஒரு பெரிய காலியிடம். அதிகாரிகள் குடைக்குக் கீழே நின்றார்கள். ஆட்கள் பெட்டிகளைப் பிரித்துக் கப்புகளைத் தரையில் கொட்டினார்கள். வெயிலில் பசுப் படங்கள் குவியல் குவியலாகப் பளபளத்தன. மண் அள்ளுகிற வண்டி அவற்றின்மேல் முன்னும் பின்னும் ஓடியது. ஒவ்வொரு கப்பும் சின்னச் சத்தத்தோடு உடைந்தது. வெள்ளை வெள்ளையாகக் கசிந்து, மண்ணோடு கலந்து சேறானது. வெனிலா வாசம் உப்புக்காற்றையும் மீறி மூக்கைப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஈ மொய்த்தது.

பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தலையில் துண்டு கட்டியவள், உடையாத கப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ஏக்கா, நல்லாத்தான இருக்கு. கெட்டுப்போச்சா?”

“கெட்டுப்போகல.”

“பொறவு ஏன் அழிக்காக? எம் பிள்ளைகளுக்கு ரெண்டு எடுத்துக்கிடட்டா?”

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்பது உத்தரவு. “எடுக்கக்கூடாதும்மா” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கப்பைக் குவியலில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அதைச் சாப்பிட்டால் அவள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இனிப்பாக இருந்திருக்கும், அவ்வளவுதான். நான் சரியாகத்தான் செய்தேன் என்று அதுவரை எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் கொஞ்சம் ஆடிப்போயிற்று. பாய் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, காரில் போய் உட்காரச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். சரக்கு வராது, அது பால் இல்லை, மாவும் கொழுப்பும்தான் என்று. அவர் நம்பவில்லை. “புள்ளை ஆசையாச் சாப்புட்டாளே” என்றார். குழந்தை சாப்பிட்டது வேறு என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து அந்தக் குழந்தை கையில் வேறொரு கப்பைப் பார்த்தேன். பெரிய கடையில் வாங்கியதாம். மேலே பசுப் படம் இல்லை, கன்றுக்குட்டிப் படம். குழந்தையிடம் வாங்கித் திருப்பிப் பார்க்கலாமா என்று கை எழுந்தது. பார்க்கவில்லை.

பாய் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சண்டை எதுவும் போடவில்லை. பங்குக் கணக்கை முடிக்க ஒருநாள் வந்தபோதுதான் இருவரும் நேருக்கு நேர் பார்த்தார்கள். நஷ்டத்தில் பாதியைத் தன் பங்காக ஏற்றுக்கொள்கிறேன் என்றார் பாய். மொத்தத்தையும் தானே ஏற்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர். பாய் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“பணத்துக்கு இல்ல மாப்ள. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

பாய் அன்றைக்குக் காரை எடுக்காமல் பஸ்ஸில் வந்திருந்தார். கிளம்புகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. இவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு, “நான் கொண்டுவிடுதேன் மச்சான்” என்றார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார்கள் என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விட்டு, மழை விட்ட பிறகுதான் திரும்பினார். என்ன பேசினார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெருநாளைக்குக் கூப்பிட்டார்கள், போனோம். எங்களுக்கென்று காய்கறிச் சமையலும் இருந்தது. ஆனால் சேர்ந்து வியாபாரம் என்ற பேச்சை இருவரில் யாரும் எடுப்பதில்லை.

நஷ்டத்தால், வேனில் அவருக்கு உதவியாக வைத்திருந்த ஆளை நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது வாரத்தில் சில நாள் நானே லைனுக்குப் போகிறேன். அவர் ஓட்டுவார், நான் பில் போடுவேன். முதலில் போன நாட்களில் வேனுக்குள்ளும் பேச்சில்லாமல்தான் போனோம். வெளியே வயலும் தோப்பும் போய்க்கொண்டிருக்கும். அவர் ஹார்னை மட்டும் தேவைக்கு மேல் அடிப்பார்.

போன மாதம் கான்சாபுரத்தில் ஒரு கடை. பழைய கடைக்காரர், மாதிரிக்குக் கொடுத்த கப்பைச் சாப்பிட்டவர். ரஸ்க் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பால் கப்பு என்னாச்சு? கப்பல் கவுந்துபோச்சா? அன்னைக்கி அம்புட்டுப் பேசினியே.”

நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துறைமுகத்தில் தகராறு, கவர்மெண்ட் விடமாட்டேன் என்கிறான் என்றுதான் மற்றக் கடைகளில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் அல்ல. இங்கும் அதையே சொல்லப்போகிறார் என்று இருந்தேன்.

“அது பால் இல்லண்ணே” என்றார் என் வீட்டுக்காரர். “பால்னு நான்தான் போடச் சொன்னேன். அதான் உள்ள விடல.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என்னையும் பார்த்துவிட்டு, “சரி, அந்த நெய் பிஸ்கட்ல ஒரு பெட்டி போடு” என்றார்.

“நெய் இருக்கா அதுல?” என்று அவரே உடனே கேட்டார். பகடியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வேனுக்குள் ஏறிப் பெட்டியை எடுத்தார். திருப்பி, பின்பக்கம் சேர்மானம் போட்டிருந்த சிறிய எழுத்தைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். அவருக்கு அந்த எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடி வீட்டில் இருந்தது. பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாசித்துச் சொன்னேன்.